பள்ளத்தில் மாட்டிக்கொண்ட உலகம்

பாப்பா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் உன் அம்மாவும் நானும் நாலு மாதமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறோம். உன் போன் அணைந்து கிடக்கிறது. நீ வேலைக்குப் போன ஊரில் உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த மதுரைப் பெண்ணுக்குத் தை மாதம் போன் போட்டேன். “அவ டிபார்ட்மென்ட்டுக்கே வர்றதில்ல அங்கிள், ரூமையும் காலி பண்ணிட்டா, எங்க போனான்னு தெரியல” என்று அழுதாள். மறுநாள் உன் அம்மாவின் போனுக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘நல்லா இருக்கேன். தேடாதீங்க.’ தேடாதே என்று பிள்ளை சொன்னால் பெற்றவனுக்கு அதற்கப்புறம் வேறு என்ன வேலை இருக்கும்? ஆனால் எங்கே போய்த் தேடுவேன்? புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் ஜீப் ஓட்டுகிறவன் நான். மலை இறங்கினால் திருப்பத்தூர், அதைத் தாண்டினால் எனக்குத் திசை தெரியாது. அதனால்தான் ஏழாவது படிக்கும்போதிலிருந்து நீ விடாமல் படிக்கிற இந்த அறிவியல் மாத இதழுக்கு எழுதுகிறேன். ஆசிரியர் இரக்கப்பட்டு அச்சில் போட்டால் எந்த ஊரிலிருந்தாலும் உன் கண்ணில் படும். ஊரும் படிக்கும். படிக்கட்டும், ஊர் படிக்க வேண்டிய சங்கதியும் இதில் இருக்கிறது.

நீ காவலூர் தொலைநோக்கியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இந்தப் படிப்புக்குப் போனாய் என்று மலையில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவேன். அது வெளிச்சம் பார்க்கிற இடம், என் பெண்ணுக்கு வெளிச்சமே இல்லாத பொருளின்மேல்தான் ஆசை என்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றாவது வளைவில், அங்கே மட்டும்தானே நமக்கு சிக்னல் வரும், ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு உன் போனுக்குக் காத்திருப்பேன். நீ சொன்னதை மறுநாள் காலையில் ஜீப் நிரம்புகிறவரை ஏறியவர்களுக்கெல்லாம் சொல்வேன். “உலகம் கொதிச்சு ஆறினப்போ இன்னா ஆச்சு தெரியுமா” என்று ஆரம்பித்தால், “அண்ணே, மொதல்ல வண்டிய எடுங்க, உலகம் அப்புறமா ஆறட்டும்” என்பார்கள். எனக்கென்ன வெட்கம்? பத்தாவது பெயில் ஆனவன் வாயில் பிரபஞ்சம் வந்து உட்கார்ந்திருந்தது. அது நீ கொடுத்தது.

எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திட்டு. திட்டுவதற்காகவாவது போன் போடு. உலகம் பிறந்த சூட்டில் துகள்களுக்கு எடை இல்லை. ஆற ஆற, எங்கும் பரவியிருந்த ஒரு புலம் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு இறங்கியது. அப்போதுதான் எடை வந்தது. நமக்குத் தெரிந்த துகள்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த மாற்றம் சத்தமில்லாமல் முடிந்துவிடும், இருண்ட பொருளுக்கும் அதில் இடமில்லை. அதனால் உன்னைப் போன்றவர்கள் இன்னும் ஒன்றிரண்டு புலங்களைச் சேர்த்துப் பெரிய மாதிரிகளைக் கட்டுகிறீர்கள். அப்படிச் சேர்த்தால் தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழி குமிழியாக மாற்றம் நடக்கும். குமிழிக்குள் புது நிலை, வெளியே பழைய நிலை. குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று மோதி, உலகம் முழுக்கப் புது நிலை ஆகிவிடும். மோதின அதிர்ச்சி இன்றைக்கும் ஆகாயத்தில் மெல்லிய முனகலாக மிச்சமிருக்கலாம், நாளைக்கு அதைக் கேட்கக் கருவிகள் வரலாம். அதே மாற்றத்தில் மறைந்திருக்கிற ஒரு துகளுக்கும் எடை வந்தது, அதில் அழியாமல் மிஞ்சியதுதான் இருண்ட பொருள். இதுதான் உன் ஆய்வுக்கட்டுரை. அதை வைத்துத்தான் உனக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த அன்று ஜீப்பில் ஏறின எல்லோருக்கும் பலாச்சுளை கொடுத்தேன்.

பிறகு ஐப்பசி மழையில் அந்தப் போன் வந்தது. உன் குரலே சரியில்லை.

“நைனா, நம்ம ஜீப்பு மலமேல ஒரு சின்னப் பள்ளத்துல நிக்குதுன்னு வெச்சுக்குங்க. கீழ திருப்பத்தூரு. அது இன்னும் பள்ளம். ஆனா நடுவுல ஒரு மேடு. கீழ ஊரு இருக்குதுன்றதுக்காவ வண்டி தானா போய்டுமா?”

“எப்டிப் போவும்? எவனாவது மேடு தாண்டித் தள்ளணும்.”

“அதான் நைனா. கீழ ஆழமான பள்ளம் இருக்குதா, எந்தச் சூட்டுல அது மேல்பள்ளத்துக்குச் சமமாவுது, அத மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன். ஒலகம் மேடு தாண்டி அங்க போய்ச் சேந்துச்சான்னு பாக்கவே இல்ல. நேத்து ஒக்காந்து பாத்தேன். சேரல. ஒலகம் விரியுற வேகத்துக்குக் குமிழி வரவே இல்ல. மாதிரியில எந்தெந்த எண்ணப் போட்டா ரொம்ப நல்லா வரும்னு நான் எடுத்துக் காட்டின எடம் எல்லாமே மாட்டிகினு நிக்குது. அந்தக் கணக்குல நம்ம மாதிரி ஒலகமே இல்ல நைனா.”

மாற்றம் எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம் என்றாய். முனகல் நன்றாகக் கேட்கும் என்று நீ பெருமையாகக் காட்டிய இடங்கள்தான் செத்த இடங்கள் என்றாய். இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, உன் கட்டுரையை நம்பி இரண்டு பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியையே தொடங்கிவிட்டார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். உலகத்தில் எத்தனையோ பெரிய படிப்பாளிகள் இருக்க, நீ என்னைக் கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

“யாரு பாத்தா? கம்முனு கெட. வேல நெரந்தரம் ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நீயே போய் எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிற?”

பிறகு நீ, “நீங்களா நைனா இதச் சொல்றீங்க?” என்றாய். எனக்கு மூக்கின்மேல் கோபம் வருவது உனக்குத் தெரியும். “ஆமா, நான்தான். ஊரு ஒலகம் தெரிஞ்சவன் சொல்றேன், கேளு” என்று கத்தினேன். போன் வைக்கப்பட்டது. அன்றைக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

‘நீங்களா’ என்று நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ நாலாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் ‘என் நைனா’ என்று கட்டுரை படித்துப் பரிசு வாங்கினாய். பிரேக் அறுந்த ஜீப்பைப் பள்ளத்தில் விடாமல் மலைப்பக்கம் மோதி நிறுத்தி, பதினொரு பேர் உயிரைக் காப்பாற்றிய நைனா. பொய்யே சொல்லாத நைனா. ‘தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு’ என்று உனக்குச் சொல்லிக் கொடுத்த நைனா. மொத்தக் கூட்டமும் கை தட்டியது. நான் முன்வரிசையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

பாப்பா, அந்த பிரேக் திடீரென்று அறுந்துபோகவில்லை. பத்து நாளாகவே ஒரே மிதியில் பிடிக்கவில்லை. மூன்று நாலு தடவை விட்டு விட்டு மிதித்தால் பிடிக்கும். மலை டிரைவர்களுக்கு இது பழகிப்போன கெட்ட பழக்கம், மிதித்து மிதித்து ஓட்டிவிடலாம் என்று ஒரு திமிர். திருப்பத்தூர் மெக்கானிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “இந்த பிரேக்க நம்பி எறங்காதய்யா, ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ” என்று. அது திருவிழா வாரம். ஒரு நாளும் ட்ரிப் நிறுத்தாத ஆள் என்று எனக்கு மலையில் ஒரு பேர். அந்தப் பேரை விட மனசில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் காலி வண்டியை ஓட்டி பிரேக் போட்டுப் பார்த்தேன். நின்றது. நிற்கிறதே, பிறகென்ன என்று ஆள் ஏற்றிவிட்டேன். சமதளத்தில், காலி வண்டியில் பார்த்தேன். பதினொரு பேரோடும் புளி மூட்டையோடும் இறக்கத்தில் நிற்குமா என்று பார்க்கவில்லை. நீ செய்த தப்பு என்னவென்று ஜீப்பை வைத்து நீ விளக்கியபோது எனக்கு அந்த மைதானம்தான் கண்முன் வந்தது. அது என் தப்பு. நீ தெரியாமல் செய்தாய், நான் தெரிந்தே செய்தேன்.

பச்சையம்மாவை உனக்கு நினைவிருக்கும், கீழ்த்தெருவில் தனியாக இருக்கிறாளே. அன்றைக்கு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பாறையில் மோதியபோது அவள் வலது கை நசுங்கி மூன்று விரல் போனது. புளி தட்டிக் கொட்டை எடுக்கிற கை அது. இடது கையால் சுத்தியல் பிடிக்கப் பழக அவளுக்கு இரண்டு பருவம் ஆயிற்று. வண்டியில் இருந்த மற்றவர்கள் என்னை தெய்வம் என்றார்கள், நானும் தெய்வமாகவே இருந்துவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் பச்சையம்மா என் ஜீப்பில் ஏறவே இல்லை. பஸ் வருகிறவரை வெயிலில் நிற்பாள், இல்லாவிட்டால் நடப்பாள். பயம் என்று நினைத்துக்கொண்டேன். இருண்ட பொருள் என்றால் என்னவென்று சொல்லட்டுமா நைனா என்று நீ ஒருநாள் ஆரம்பித்தாயே, “கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, கனம் மட்டும் இருக்கும், அத வெச்சுத்தான் இருக்குதுன்னு தெரியும்” என்று. நீ சொல்லி முடிக்குமுன் புரிந்தது என்றேன். எங்க நைனாவுக்கு எவ்வளவு மூளை என்று நீ சிரித்தாய். மூளை இல்லை பாப்பா, அப்படி ஒன்று என் நெஞ்சில் இருந்தது.

இருபது வருஷம் மறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை, பேரும் புகழும்தான் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் உன்னையும் மறைக்கச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத் தின்று செரித்தவன் சொன்ன புத்திமதி அது. உன்னை இப்படி ஒளிந்துகொள்ள வைத்தது நீ செய்த தப்பு இல்லை, நான் சொன்ன வார்த்தை. இதை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் என் வாயில் நானே அடித்துக்கொள்கிறேன். உன் அம்மா கையைப் பிடித்துத் தடுக்கிறாள். “அடிச்சிகினா பொண்ணு வந்துடுமா? போய்ச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள். அவளுக்கும் அப்போதுதான் முதல்தடவையாகச் சொல்லியிருந்தேன்.

போன வாரம் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் புளியைப் பரப்பி இடது கையால் தட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் சொன்னது, மைதானத்தில் பார்த்தது, எல்லாம். அவள் சுத்தியலைக் கீழே வைக்கவே இல்லை, தட்டிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும்தான் நிமிர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்ணே” என்றாள். “முன்சீட்ல ஒக்காந்திருந்தேன் இல்ல? மொத வளைவுலருந்தே நீங்க மிதிச்சு மிதிச்சுப் புடிச்சிகினு வந்தீங்க. ஒங்க காலத்தான் பாத்துகினு இருந்தேன்.”

“தெரிஞ்சுமா இத்தினி வருசம் யார்கிட்டயும் சொல்லாம இருந்த?”

“சொல்லத்தான் இருந்தேன். கட்டுப் பிரிச்சதும் நாலு பேரு முன்னாடி கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள இஸ்கூல் விழா வந்துச்சு. ஒங்க பாப்பா மேடையில ஏறி எங்க நைனான்னு படிச்சுது. அது மூஞ்சியப் பாத்தேண்ணே. வாய மூடிகினேன். நானும் கை தட்டினேன், இந்தக் கட்டுப் போட்ட கையால.”

புளிக்கொட்டைக்கு நடுவில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதேன். அவள் அழவில்லை. “மன்னிச்சிட்டேன்னுலாம் சொல்ல மாட்டேன், வெரலு வராது” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு வருசமும் பாத்தேன். இன்னிக்குத்தான் வந்தீங்க. பாப்பா எங்கன்னே தெரியலன்னு ஊர்ல சொல்றாங்களே, நெசமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அதுக்குச் சொல்லுங்க, அது ஒண்ணும் பண்ணலன்னு” என்றாள். அவள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஜீப் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இரண்டு நாள் என் வண்டியில் யாரும் ஏறவில்லை. ஒரு கிழவர் என் கால் பக்கத்தில் துப்பிவிட்டுப் போனார். என்னோடு பீடி பிடித்த டிரைவர் ஒருத்தன், “ஒனக்கு இன்னாத்துக்குயா இப்ப இது, செத்த பாம்ப அடிக்கிற?” என்றான். அது சாகவில்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வேன்? மூன்றாம் நாள் பஸ் வரவில்லை, வேறு வழியில்லாமல் ஆட்கள் ஏறினார்கள். எல்லோரும் ஏறின பிறகு பச்சையம்மா புளிக்கூடையோடு வந்து நின்றாள். முன்சீட்டில் இருந்த பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, “பிரேக்கு எப்டி கீது?” என்று கேட்டாள். “ஏத்திகினு, எறக்கத்துல வுட்டுப் பாத்தேம்மா, நிக்குது” என்றேன். ஏறி உட்கார்ந்தாள். திருப்பத்தூர் வரைக்கும் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கட்டும். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இதைச் சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குக் கதை விடமாட்டேன். என் பேர் போய்விட்டது, திரும்பி வராது. உனக்கும் வேலை போகலாம். பெரிய பெரிய ஆட்கள் முன்னால் தலை குனிய வேண்டி வரலாம். அந்த இரண்டு பிள்ளைகளும் உன்மேல் கோபப்படுவார்கள், கோபப்படட்டும். ஆனால் அவர்கள் இப்போது உன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இறக்கம் வருமுன் அவர்களிடம் சொல்லிவிடு. நான் சொன்னதைக் கேட்காதே. கேட்க வேண்டுமென்றால் நாலாவது படிக்கும்போது நீ மேடையில் படித்தாயே, அந்த நைனா சொன்னதைக் கேள். அவன் பொய். ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை. உலகம் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் எது என்று கணக்கில் கண்டுபிடித்தவள் நீதானே, வேறு யாரும் இல்லையே? அதைக் கண்டுபிடித்த தலையை இருட்டில் வைத்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. நீ பெரிய விஞ்ஞானியாக இருக்க வேண்டாம். உயிரோடு இரு. எங்கேயாவது ஒரு கடையில் பில் போடு, இங்கே வந்து சாமை விதை, என்ன வேண்டுமானாலும் செய். நீ இல்லாமல் நானும் உன் அம்மாவும் இல்லை. இதைவிட வெளிப்படையாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நீ விடுதியில் சேர்ந்த வருஷம் நம் இருவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு ரிங் விடுவாய், நான் எடுக்க மாட்டேன். சத்தம் கேட்டதும் வண்டியைக் கிளப்பிவிடுவேன். பஸ் நேரம் தாண்டியும் ரிங் வராத ஒரு நாளில் நான் திருப்பத்தூருக்கே வந்து விடுதி வாசலில் நின்றதும், மறந்துட்டேன் நைனா என்று நீ நாக்கைக் கடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறதா? இந்தத் தடவை எந்த வாசலில் வந்து நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் போன் நம்பர் மாறவில்லை. தினமும் கடைசி ட்ரிப் முடிந்ததும் மூன்றாவது வளைவில் நிற்கிறேன். ஐப்பசியிலிருந்து ஒரு நாள் தப்பவில்லை. பேச வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், அந்தக் கட்டுரையை என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன், வா என்றும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ரிங் விடு பாப்பா.

சத்தியமாக எடுக்க மாட்டேன்.

உன் நைனா